மதிப்பெண்ணும் பணித்திறனும் – ஒரு வரலாற்று நோக்கு

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. படிப்பு வேறு, வேலை வேறு என்று சொல்ல விரும்புவோர் இதனை எடுத்தாள்வர். அவ்வாறு சொல்பவரே, நம் சமுதாயப் பிள்ளை ஒருவன் அலுவலகத்தில் பதவி உயர்வு பெறும்போது, "குறைந்த மதிப்பெண்ணில் உள்ளே வந்தவன்தானே! அவனுக்கு வேலை எப்படித் தெரியும்?" என்று வினவுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். முதலில் பேசியபோது ஏட்டுக்கு மதிப்பில்லை. பின்னர் பேசியபோது ஏட்டில் உள்ள எண்ணே எல்லாமாகிவிட்டது.

ஒருவர் பள்ளியிலும் கல்லூரியிலும் எவ்வாறு தேறினார் என்பதைக் கொண்டு, பின்னாளில் அவர் எத்தகைய மனப்பான்மையுடன் பணியாற்றுவார், எவ்வளவு உயர்வார் என்பதை முன்கூட்டியே அறிய இயலுமா? இக்கேள்வி நமக்குப் பொழுதுபோக்கானதன்று. "இயலும்" என்று நம்பி, குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளை தன்னைத் தானே தாழ்த்திக்கொள்கிறான். "இயலாது, படிப்பால் பயனில்லை" என்று நம்பி, பெற்றோர் சிலர் பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்திவிடுகின்றனர். இரு நம்பிக்கைகளாலும் இழப்பு நமக்கே. ஆகவே, நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இக்கேள்வியை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது பொருத்தமென்று கருதினோம்.

மெக்காலே குழுவின் நம்பிக்கை

இந்தியாவில் அரசுப் பணிக்கு எழுத்துத் தேர்வு என்னும் முறை என்று தோன்றியது? கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் பதவிகள், முதலில் கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையால் நிரப்பப்பட்டன. மகன், மருமகன், நண்பர் மகன் என்றவாறு பதவி கைமாறியது. 1853-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இவ்வழக்கத்தை ஒழித்து, போட்டித் தேர்வுக்கு வழிசெய்தது. அத்தேர்வை வகுப்பதற்கென அமைக்கப்பட்ட குழுவுக்கு மெக்காலே தலைமை ஏற்றார். 1854-இல் அக்குழு தன் அறிக்கையை அளித்தது.

அவ்வறிக்கையின் அடித்தளமாக அமைந்தது ஒரே ஒரு நம்பிக்கை. இளமையில் கல்வியில் ஏனையோரை விஞ்சி நிற்பவர், வாழ்வு முழுவதும் அம்முன்னிலையைப் பெரும்பாலும் இழப்பதில்லை. ஆகவே கல்வியில் சிறந்தவரைத் தேர்ந்தெடுத்தால் ஆட்சியும் சிறக்கும் என்பதே அது. நாம் எழுப்பிய கேள்விக்கு மெக்காலே குழு, "ஆம், இயலும்" என்று அன்றே விடை கூறிவிட்டது. இன்றுவரை நம் தேர்வாணையங்கள் பலவற்றிலும் அந்த விடையின் நிழல் படிந்துள்ளது.

அந்தக் குழுவின் செயலில் நன்மை இருந்ததை மறுத்தல் தகாது. உறவும் பரிந்துரையும் ஆண்ட இடத்தில் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவந்து வைத்தது அது. ஆனால் அந்த அளவுகோல் எதனால் செய்யப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1855-இல் லண்டனில் நடந்த முதல் தேர்வில் மொத்த மதிப்பெண் 6,875. அதில் கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750; சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழுக்கு இடமே இல்லை. செங்கற்பட்டிலோ தஞ்சையிலோ வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வரப்போகும் அதிகாரி, அங்குள்ள உழவரின் பேச்சை அறிவதைவிட, பழைய ஐரோப்பாவின் ஏடுகளை அறிவது மேல் என்று கருதப்பட்டது. வினாத்தாளை வகுப்பவர் எந்த உலகில் வாழ்கிறாரோ, அந்த உலகில் வளர்ந்த பிள்ளையே அதில் முந்துவான். தேர்வு அறிவை அளப்பது உண்மை. அத்துடன், தேர்வு எழுதுபவன் எங்கிருந்து புறப்பட்டான் என்பதையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

1893-இல் எழுந்த மறுப்பு

இவ்வுண்மையை நம் முன்னோர் நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்திருந்தனர். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுடன் இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்த வேண்டும் என்பது காங்கிரஸ் இயக்கத்தின் கோரிக்கையாக இருந்தது. 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் காமன்ஸ் சபையும் இதற்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் "பறையன்" என்னும் இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், இதனை எதிர்த்து ஒரு மனுவைத் திரட்டினார். 112 அடி நீளமுள்ள அம்மனுவில் 3,412 பேர் கையொப்பமிட்டிருந்தனர்.

இச்செயலைப் பலர் பலவாறு மதிப்பிட்டுள்ளனர். நாட்டு மக்களின் உரிமைக்கு மாறானது என்று குறை கூறியவரும் உண்டு. ஆயினும் அம்மனுவில் அடங்கிய வாதத்தை நாம் நிதானமாக நோக்க வேண்டும். பள்ளிக்கதவே நமக்கு அடைபட்டுள்ள நாளில், பள்ளிப்படிப்பை மட்டும் அளக்கும் தேர்வொன்றை இங்கு நடத்தினால், ஏற்கனவே கல்வியைக் கைக்கொண்ட சிலரே அதிகாரம் முழுவதையும் பெறுவர்; அவர்கள் நம்மை எவ்வாறு நடத்துவர் என்பதை நாம் ஊரிலேயே கண்டுவருகிறோம் என்பதே அவ்வாதம். தேர்வில் முந்துவதும் பொறுப்பில் நேர்மையுடன் நடப்பதும் வேறு வேறு என்பதை அம்மக்கள் தம் கையொப்பத்தாலும் கைநாட்டாலும் எழுதி வைத்தனர்.

சீனிவாசன் அவர்களின் கல்வி வாழ்வே இதற்கு விளக்கம். செங்கற்பட்டுப் பகுதியில் கோழியாளம் என்னும் ஊரில் பிறந்த அவர், கோயமுத்தூர்க் கல்லூரியில் பயின்றார். அங்கு ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக மற்றவர் அனைவரும் பிராமணர் என்று அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் குறித்துள்ளார். தம் சாதியும் குடியிருப்பும் பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், உடன் பயில்வோரோடு விளையாடாமல் ஒதுங்கியிருந்து, மணி அடித்ததும் விரைந்து வீடு செல்வார். பின்னர் அவர் நீலகிரியில் வணிக நிறுவனத்தில் கணக்கர், சென்னையில் இதழாசிரியர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், 1923 முதல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினர், 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் பேராளர். அந்தக் கல்லூரியின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, ஒதுங்கி நின்ற அந்த மாணவரின் பிற்கால வாழ்வை யாரால் கூறியிருக்க முடியும்?

282 மதிப்பெண்

இனி, நாம் அனைவரும் தலைவணங்கும் ஒருவரின் மதிப்பெண்ணைக் காண்போம். 1907-ஆம் ஆண்டில் பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிக்குலேஷன் தேர்வு எழுதிய ஒரு மாணவர் 750-க்கு 282 மதிப்பெண் பெற்றார். நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் குறைவு. அம்மாணவரின் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

இன்று 282 மதிப்பெண்ணுடன் ஒரு பிள்ளை நம் முன் வந்து நின்றால், ஊரார் என்ன சொல்வர்? "ஏதாவது கைத்தொழிலில் சேர்த்துவிடுங்கள்" என்பர். வகுப்பில் தண்ணீர்ப் பானையைத் தொட உரிமையில்லாமல், தனியே சாக்குத் துணியில் அமர்ந்து தொடக்கக் கல்வி பயின்ற பிள்ளை. பின்னர் பரேல் பகுதியில் ஓர் அறையே வீடாக, அந்த அறையில் குடும்பம் முழுவதும் வாழ, விளக்கொளியில் விடியுமுன் எழுந்து படித்த பிள்ளை. அந்த 282-இல் இவை எதுவும் எழுதப்படவில்லை.

நற்பேறாக, எண்ணைப் பாராமல் பிள்ளையைப் பார்த்தவர்கள் இருந்தனர். அத்தேர்ச்சியைப் பாராட்ட ஒரு கூட்டம் கூடிற்று. ஆசிரியரும் எழுத்தாளருமான கேளுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசளித்தார். அவரே முன்னின்று பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். 1912-இல் பி.ஏ.; 1913-இல் மன்னரின் உதவியுடன் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம்; 1915-இல் எம்.ஏ.; பின்னர் லண்டனில் 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி.; அத்துடன் பாரிஸ்டர் பட்டம்; 1927-இல் கொலம்பியாவின் முனைவர் பட்டம். தண்ணீர்ப் பானையைத் தொட விடாத நாட்டிலிருந்து விலகி, நூலகத்தின் கதவு எல்லோர்க்கும் திறந்திருந்த இடத்தை அடைந்தபோது, அதே மனிதரின் ஆற்றல் எவ்வாறு பெருகியது என்பதற்கு இப்பட்டியலே சான்று.

ஒரே சமஸ்தானம், இரண்டு வரவேற்புகள்

அப்படியானால், உயர்ந்த பட்டம் இருந்துவிட்டால் பணியில் உயர்வு தானே வந்துவிடுமா? இதற்கு விடை கூறும் வகையில், பரோடா சமஸ்தானத்தின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன.

பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர், இளமையில் இங்கிலாந்தில் ஐ.சி.எஸ். எழுத்துத் தேர்வில் 1890-இல் தேறினார். ஆனால் குதிரையேற்றத் தேர்வில் தேறாமையால் பணிக்கு எடுக்கப்படவில்லை. லண்டனில் இருந்த பரோடா மன்னர் அவரைத் தம் அரசுப் பணிக்கு அமர்த்திக்கொண்டார். 1893-இல் பரோடா வந்த அரவிந்தர், பல துறைகளில் பணியாற்றி, பரோடாக் கல்லூரியின் துணை முதல்வராக உயர்ந்தார். அவருடைய அறிவு பெரிது, அதில் ஐயமில்லை. தேர்வில் நேர்ந்த தவறுதல் அவருக்குத் தடையாக இல்லை என்பதே நாம் இங்குக் கருதுவது.

அதே மன்னர்; அதே சமஸ்தானம். 1917-இல், மன்னரின் செலவிலேயே வெளிநாட்டில் பயின்று திரும்பிய அம்பேத்கர் பரோடா வந்தார். இராணுவச் செயலாளர் பதவி. காலப்போக்கில் நிதி அமைச்சராக்க வேண்டுமென்பது மன்னரின் எண்ணம். நடந்தது வேறு. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் கோப்புகளை அவர் கையில் கொடுக்காமல், தூரத்தில் நின்று மேசை மீது எறிந்தனர். தங்குவதற்கு நகரில் வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், தம்மைப் பார்சி என்று பதிந்துகொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியுடன் ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டிற்று. நண்பர் இருவரை நாடினார். இருவரும் இடந்தர இயலாமைக்குக் காரணம் கூறினர். பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்து கண்ணீர் விட்டு, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். இதனை அவரே எழுதி வைத்துள்ளார்.

எழுத்துத் தேர்வுக்கு அப்பால் ஒரு சிறு தேர்வில் தவறியவர் அங்கே பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்ற முடிந்தது. உலகின் உயர்ந்த பல்கலைக்கழகத்தில் தேறி வந்தவர் பதினோரு நாட்களுக்கு மேல் ஒரு விடுதியில் கூடத் தங்க முடியவில்லை. இவ்வேறுபாட்டை எந்த மதிப்பெண் பட்டியலைக் கொண்டும் விளக்க இயலாது. பணியில் வெற்றி என்பது பணியாளனின் தகுதியால் மட்டும் அமைவதன்று. அவனைச் சுற்றியுள்ளோர் அவனுக்கு அளிக்கும் இடத்தாலும் அமைவது.

இங்கு மற்றொன்றையும் கருத வேண்டும். பரோடாவில் அவரைக் கண்காணித்த ஒருவர், "இவருக்குப் பணியில் நாட்டமில்லை, பதினோரு நாளில் ஓடிவிட்டார்" என்று குறிப்பு எழுதியிருந்தால், அக்குறிப்பு எவ்வளவு பொய்யாக இருந்திருக்கும்! நம் இளைஞர் வேலையை விட்டு நீங்கும்போது "மனப்பான்மை சரியில்லை" என்று எளிதில் எழுதிவிடுகின்றனர். அவன் கோப்பைக் கையில் வாங்கினானா, அல்லது அது அவன் மேசைமீது எறியப்பட்டதா என்று எவரும் கேட்பதில்லை.

அடுத்த ஆண்டே, 1918-இல், அம்பேத்கர் பம்பாய் சிடனம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கும் ஆசிரியர்க்கு வைத்த தண்ணீரை அவர் அருந்துவதற்குச் சிலர் மறுப்புத் தெரிவித்தனர். ஆனால் அவர் பாடத்தைச் செம்மையாகத் தயாரித்து நடத்தியதால், பிற கல்லூரி மாணவரும் வந்து கேட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து, அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமைப் பொறுப்பில் அதே உழைப்பைக் காண்கிறோம். ஏழு உறுப்பினருள் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசுப் பணிகளில் மூழ்கியிருந்தார், ஓரிருவர் டில்லியை விட்டுத் தொலைவில் இருந்தனர்; ஆகவே சுமை முழுவதும் அம்பேத்கர் தோளில் விழுந்தது என்று 1948 நவம்பரில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அரசியல் நிர்ணய சபையிலேயே எடுத்துரைத்தார். அம்மன்றத்தில் தரப்பட்ட திருத்தங்கள் 7,635; விவாதத்துக்கு வந்தவை 2,473. உடல் நலிவுற்ற நிலையில் அவற்றுக்கு முகங்கொடுத்தவர், ஒரு காலத்தில் 750-க்கு 282 வாங்கிய மாணவர்.

கைகொடுத்தவர்கள்

நம் மாநில வரலாற்றிலிருந்தும் ஒன்றைக் கூறுவோம். கணித மேதை இராமானுஜன் எஃப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் தேறவில்லை. கணிதத்தில் மட்டுமே மனம் ஊன்றியதால் பிற பாடங்கள் அவரைக் கைவிட்டன. பட்டம் இல்லாத அவர், 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். ஆயினும் அவருடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆட்கள் இருந்தனர். மாவட்ட ஆட்சியராயிருந்த இராமச்சந்திர ராவ் பொருளுதவி செய்தார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பரிந்துரைக் கடிதம் தந்தார். துறைமுக அலுவலகத்தின் தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் உடனிருந்து ஊக்கினார். 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கிற்று. 1918-இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

இராமானுஜன் வறுமையில் வாடியவர். அவர் புகழ் நம் அனைவர்க்கும் உரியது. அவருடைய வரலாற்றை "தேர்வில் தோற்றாலும் மேதை வெல்வான்" என்று பள்ளிகளில் சொல்கிறோம். அது பாதி உண்மை. தோற்ற மேதையின் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஒருவர் வேண்டும் என்பது மறுபாதி. அதே காலத்தில் நம் சேரிகளில் எழுதப்பட்ட நோட்டுப் புத்தகங்களைத் திறந்து பார்த்தவர் யார்? நோட்டுப் புத்தகமே இல்லாதிருந்தது பெரும்பாலோர் நிலை.

இதனால்தான் சான்றிதழ் நமக்கு ஏனையோரை விட மிகுதியாகத் தேவைப்படுகிறது. உறவினரும் அறிமுகமும் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லாவிடினும் ஒருவர் வாய்ச்சொல்லால் சான்று கூறுவார். நம் பிள்ளைக்கு வாய்ச்சொல் கூற எவருமில்லாத இடத்தில், அரசு முத்திரை பதித்த காகிதமே வாய்திறந்து பேசுகிறது. பெருந்தலைவர் காமராசர் பள்ளிப்படிப்பை இடையில் விட்டும் முதலமைச்சரானாரே என்று கேட்டுப் படிப்பைக் கைவிடுவோர் உண்டு. தாம் இழந்ததைப் பிறர் இழக்கலாகாது என்றுதானே அவர் ஊர்தோறும் பள்ளி திறந்து, 1956-இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் விரித்தார்? அவருடைய வாழ்வைச் சுட்டுவோர் அவருடைய செயலையும் சுட்ட வேண்டும்.

அண்மைக்கால ஆய்வுகள்

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், அரசுப் பணியில் இட ஒதுக்கீட்டுக்கு வழிவகுத்தது. அதன் 335-ஆம் பிரிவு, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் உரிமைக் கோரிக்கைகளை ஆட்சித் திறனுக்கு ஊறு நேராவண்ணம் கருத்திற்கொள்ள வேண்டும் என்கிறது. "ஆட்சித் திறன்" என்னும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, ஒதுக்கீட்டால் திறன் குறையும் என்று வாதிட்டோர் பலர். ஆனால் நெடுங்காலம் எவரும் அதனை அளந்து பார்க்கவில்லை.

அஸ்வினி தேஷ்பாண்டே, தாமஸ் வைஸ்காஃப் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் இதனை அளக்க முற்பட்டனர். இந்திய ரயில்வேயின் 1980 முதல் 2002 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பணியாளரின் விகிதம் மிகுதியாவதால் ரயில்வேயின் உற்பத்தித் திறன் குறைந்ததற்குச் சான்று ஏதுமில்லை. உயர் பதவிகளில் அவர்களின் விகிதம் மிகும்போது திறன் சற்றே கூடியதற்கான அறிகுறிகளும் உண்டு என்பது அம்முடிவு. தேர்வு மதிப்பெண் பின்னாளைய பணியை முன்னறிவிக்கும் என்பது முற்றும் உண்மையாயிருந்தால், இம்முடிவு வந்திருக்க இயலாது. 2019-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக மாநிலப் பதவி உயர்வு வழக்கில் இவ்வாய்வைச் சுட்டிக்காட்டியது. போட்டித் தேர்வின் மதிப்பெண் மட்டுமே தகுதியாகாது என்று 2022-இல் மருத்துவ மேற்படிப்பு வழக்கிலும் அந்நீதிமன்றம் கூறியது.

மற்றோர் ஆய்வு நம் நெஞ்சைச் சுடுவது. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் அதனை வெளியிட்டனர். தனியார் நிறுவனங்கள் செய்தித்தாளில் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. படிப்பும் தகுதியும் ஒத்திருக்க, பெயர் மட்டும் மாற்றப்பட்டது. உயர்சாதியைக் குறிக்கும் பெயருடையவருக்கு நேர்காணல் அழைப்பு கிடைக்கும் வாய்ப்பை ஒன்று என்று கொண்டால், தாழ்த்தப்பட்டோரைக் குறிக்கும் பெயருடையவருக்கு அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. 1917-இல் பரோடா விடுதி வாயிலில் தடியுடன் நின்றவர்கள், தொண்ணூறு ஆண்டுகளில் தடியைக் கீழே போட்டுவிட்டனர். வாயிலை விட்டு நீங்கவில்லை.

பணி மனப்பான்மை எங்கே பிறக்கிறது?

இவ்வளவும் கூறியபின், படிப்புக்கும் பணிக்கும் தொடர்பே இல்லை என்று முடிப்பது பிழையாகும். மருந்தின் அளவை அறியாதவர் மருத்துவராக முடியாது. பாலத்தின் சுமையைக் கணக்கிடத் தெரியாதவர் பொறியாளராக முடியாது. கல்வி இன்றியமையாதது. கல்வியும் மதிப்பெண்ணும் ஒன்றல்ல என்பதே நாம் வற்புறுத்துவது. மதிப்பெண், ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மூன்று மணி நேரத்தில் ஒரு பிள்ளை எங்கே நின்றான் என்பதைக் காட்டும். அவன் எத்தனை காதம் நடந்து அங்கு வந்தான் என்பதையும், இனி எவ்வளவு தொலைவு நடப்பான் என்பதையும் அது காட்டாது.

பல ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் பணியாற்றியதில் நாம் கண்டதும் இதுவே. பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றோருள் சிலர் பின்னர் எங்கே என்று தெரியவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்து, தட்டித் தடுமாறித் தேறியவருள் சிலர் இன்று மின்வாரியத்திலும் மருத்துவமனையிலும் பிறர் நம்பி அழைக்கும் பணியாளராக விளங்குகின்றனர். அவர்களிடம் நாம் கண்ட பொதுவான பண்புகள் சில உண்டு: சொன்ன நேரத்தில் வருதல், தெரியாததைக் கேட்டு அறிதல், ஒருமுறை செய்த பிழையை மறுமுறை செய்யாமை, தொடங்கிய வேலையை முடிக்காமல் எழாமை. விடியுமுன் தாயுடன் வயலுக்கோ செங்கல் சூளைக்கோ சென்று வந்து, பிறகு பள்ளிக்கு ஓடிவந்த பிள்ளைகளே அவர்களுள் பலர். உழைப்பு அவர்களுக்கு வீட்டிலேயே கற்பிக்கப்பட்டிருந்தது. அதற்கு மதிப்பெண் தரும் வினாத்தாளை எவரும் இன்னும் வகுக்கவில்லை.

அதே வேளையில் நம்மிடையே வளரும் ஒரு குறையையும் மறைக்கலாகாது. பட்டம் பெற்ற நம் இளைஞருள் சிலர், அரசு வேலை வரும்வரை வேறெந்த வேலையும் தமக்கு இழுக்கு என்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். பட்டம் கதவைத் திறக்கும் சாவி. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே அமர்ந்திருப்பவன் வீட்டுக்குள் வந்தவன் ஆகான். டாக்டர் பட்டத்துக்கான ஆய்வை முடித்து வந்த அம்பேத்கர், பரோடாவை விட்டு வந்தபின், பிழைப்புக்காக மாணவர்க்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பதை இவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் சங்கத்தின் கடமை

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் உதவித்தொகையும் நூல்களும் வழங்கி வருகிறது. அதிக மதிப்பெண் பெற்றோர்க்கு ஆண்டுதோறும் பரிசளிக்கிறது. அது தொடரட்டும். ஆனால் மேலே கண்ட வரலாறு நமக்கு இன்னொரு கடமையையும் சுட்டுகிறது. 282 மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு 1907-இல் பாராட்டுக் கூட்டம் கூட்டியவர்கள் இல்லாதிருந்தால், நூலொன்றைக் கையில் கொடுத்து மன்னரிடம் எடுத்துச் சொன்ன ஓர் ஆசிரியர் இல்லாதிருந்தால், இந்நாட்டின் வரலாறு எவ்வாறு ஆகியிருக்கும்?

ஆகவே, நம் சங்க உறுப்பினருள் பணியில் உள்ளோர் ஒவ்வொருவரும், நடுத்தர மதிப்பெண்ணோ குறைந்த மதிப்பெண்ணோ பெற்ற பிள்ளை ஒருவருக்கேனும் துணை நிற்க வேண்டுமென்று வேண்டுகிறோம். விண்ணப்பம் நிரப்பக் கற்றுக்கொடுங்கள். நேர்காணலுக்கு உடன் செல்லுங்கள். முதல் வேலையில் சேர்ந்த ஆறு மாதங்கள் வாரம் ஒருமுறை நலம் கேளுங்கள். கோப்பை எறிபவர் இன்றும் இருந்தால், அதனை எங்கே, எவ்வாறு முறையிடுவது என்று அறிவுறுத்துங்கள். தனியே நின்றதால் பணியைத் துறந்தவர் நம்மில் பலர். துணை இருந்ததால் நிலைத்தவர் சிலர். அச்சிலரைப் பலராக்குவது நம் கையில் உள்ளது.

இளைஞர்களே! உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். அது உங்கள் பெற்றோரின் வியர்வையால் வாங்கிய ஆவணம். எண் உயர்ந்திருந்தால் செருக்கடையாதீர்கள், தாழ்ந்திருந்தால் தலைகுனியாதீர்கள். நாளை உங்கள் மேசைக்கு ஒரு முதியவர் மனுவுடன் வந்து நிற்பார். அவர் உங்கள் மதிப்பெண்ணைக் கேட்கப் போவதில்லை. அமரச் சொல்லி, மனுவைக் கையில் வாங்கி, படித்து, அன்றே ஆவன செய்கிறீர்களா என்பதைத்தான் பார்ப்பார்.